மாமா வளர்ந்த பத்து நாட்கள்

என் அக்கா கம்பளி பின்னுவது குளிர்காலத்தில் அல்ல. தார்ச் சாலை இளகிச் செருப்பு ஒட்டிக்கொள்ளும் நாட்களில்தான் அவள் மடியில் நூலைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். கேட்டால், "குளிர் வந்தப்புறம் ஆரம்பிச்சா, முடிக்கறப்போ வெயில் வந்துடும்" என்பாள். இந்தப் பதிலில் ஓட்டை கண்டுபிடிக்க நானும் முப்பது வருஷமாக முயன்றுகொண்டுதான் இருக்கிறேன். கழுத்தில் ஈரத் துண்டு, காலடியில் நூல் உருண்டை, தலைக்கு மேலே நின்றுபோன ஃபேன். ஃபேன் ஓடினால் நூல் பறந்து கண்ணி நழுவிவிடும் என்பது அவள் கட்சி. அதனால் அவள் பின்னும்போது குடும்பமே வேர்த்துக் கொட்டும். ஊரில் யாராவது அவள் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கதகதப்பாக இருக்கிறது என்றால், அதற்கு நாங்களும் உழைத்திருக்கிறோம்.

கண்ணிகளை எண்ணும்போது அவளிடம் பேசக் கூடாது. பேசினால் பதிலுக்கு எண்தான் வரும். "சாப்பாடு ஆச்சா?" என்று மாமா கேட்டால் "நாப்பத்தேழு" என்பாள். "சாவி எங்க?" என்றால் "நாப்பத்தெட்டு." மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் எண்ணிப் பிழைப்பவர்தான். சர்வேயர். இடுப்பில் எப்போதும் ஒரு இரும்பு டேப் தொங்கும். ஊரில் பாதி வேலிச் சண்டைகளைத் தீர்த்துவைத்தவர். மீதிப் பாதியைத் தொடங்கிவைத்தவரும் அவரே.

மாமாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவர் அக்காவைவிட இரண்டு விரல் உயரம் குறைவு. வீட்டில் யாரும் இதைப் பேசுவதில்லை. அவர் தடித்த அடி வைத்த செருப்பு வாங்குவதையும், முடியை மேல்நோக்கிச் சீவுவதையும், போட்டோ என்றால் எங்கிருந்தாவது ஒரு படிக்கட்டைத் தேடிப் பிடித்து அதில் ஏறி நிற்பதையும் நாங்கள் பார்ப்பதும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் சமதரையில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூடக் கிடையாது.

நான் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் தனியாக இருக்கிறேன். மாமா என்னை 'டோக்கன்' என்றுதான் கூப்பிடுவார். நான் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன் என்பது அவர்கள் வீட்டுப் பொதுவான அபிப்பிராயம். பல்வலிக்காரர்களோடு பகல் முழுக்க மல்லுக்கு நின்று பார்த்தால் அவர்களுக்கும் தெரியும்.

ஒவ்வொரு வருஷமும் வெயில் தொடங்கும் வாரத்தில் அக்கா ஒரு பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். இந்த வருஷப் பட்டியலில் ஆறு வேலைகள். எதிர் வீட்டு இரட்டைக் குழந்தைகளுக்குத் தொப்பி. என் டாக்டருக்குக் காலுறை, அவர் கேட்கவில்லை. மகளுக்குச் சால்வை, அவள் வேண்டாமென்று எழுதியே கொடுத்திருந்தாள். மாமாவுக்கு ஸ்வெட்டர். மற்ற இரண்டும் யாருக்கென்று முடிவாகவில்லை, ஆனால் அளவு மட்டும் முடிவாகியிருந்தது.

பட்டியலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு காகிதமும் ஒட்டியிருந்தது. அது மகளின் கைவண்ணம். சட்டக் கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கிறாள், அதனால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். போன வருஷம் பத்து நாள் மலைக்குப் போனபோது அக்கா பத்து நாளும் பின்னிக்கொண்டே இருந்தாள். எடுத்த படங்கள் அத்தனையிலும் அவளுடைய வகிடு மட்டும்தான் தெரிகிறது. ஒரு மான் வராந்தா வரை வந்து வக்கீல் கையிலிருந்த ரொட்டியைத் தின்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு "அங்க பாரு, அங்க பாரு" என்று கிசுகிசுக்க, அக்கா "எழுபத்தொன்னு" என்றாள். அதன் விளைவுதான் இந்தக் காகிதம். 'விடுமுறை நாட்கள் பத்திலும் ஊசி, நூல், கொக்கி மற்றும் இவற்றை ஒத்த எந்தப் பொருளும் மலைக்குக் கொண்டுவரப்படக் கூடாது.' கீழே நாலு பேர் கையெழுத்து. அக்காவும் போட்டிருந்தாள். போடும்போது அவள் அறுபத்திரண்டாவது கண்ணியில் இருந்தாள் என்பதற்கு நான் சாட்சி.

இதெல்லாம் முடிந்த பிறகுதான், பட்டியலில் இல்லாத ஏழாவது வேலை வந்து சேர்ந்தது.

கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் இடத்துக்கும் போட்டோ பிரேம் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக ஒரு கம்பளி நூல் கடை இருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை நூல். கடைக்காரம்மா எந்த ஸ்வெட்டரையும் முன்பக்கம் பார்க்க மாட்டார். கையில் வாங்கிய உடனே உள்பக்கம் திருப்பிவிடுவார். முன்பக்கம் ஊருக்காம், உள்பக்கம்தான் நிஜமாம். அந்த அம்மா ஒருநாள் அக்காவிடம் சொன்னார்: "மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு. சனிக்கிழமைகள்ல பின்னல் கிளாஸ் ஆரம்பிக்கப் போறேன். எதிர்வீதி டீச்சர் ஒருத்தங்க கேட்டிருக்காங்க. உங்க கையும் எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஆளுக்கொரு முழுக்கை ஸ்வெட்டர் பின்னிக் கொண்டு வாங்க. ஒரே லாட் நூல்ல இருக்கணும். பார்த்துட்டு யாருன்னு சொல்றேன், அவங்களோடதை ஜன்னல்ல மாட்டறேன்." அவர் குறித்த நாள், நாங்கள் மலையிலிருந்து திரும்பும் நாளுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை பதினோரு மணி.

அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்கு இது வேணும்டி" என்றாள்.

ஐம்பத்திரண்டு வயதில் என் அக்கா இப்படிச் சொல்லி நான் கேட்பது அதுவே முதல் தடவை. இவளுக்கு வேண்டுமென்றுகூட ஒன்று இருக்குமா என்று யோசிக்காமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் சொல்லலாமே என்றேன். "கிடைச்சப்புறம் சொல்றேன். இப்ப சொன்னா அவர் டேப்பை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல உக்காந்துடுவார்." இதற்கு நான் மறுப்பு ஏதும் சொல்லவில்லை.

கடையில் சிலேட்டு நிறத்தில் ஒரு லாட்டில் பதினெட்டு உருண்டைதான் இருந்தது. ஒவ்வொரு லாட்டும் ஒரு தடவை சாயம் போட்ட நூல். அடுத்த லாட் அதே நிறம் என்று எழுதியிருந்தாலும் பக்கத்தில் வைத்தால் பல்லை இளிக்கும். பதினெட்டையும் வாங்கினாள். ஒன்பது மாமாவுக்கு, ஒன்பது கடையில் காட்ட வேண்டிய மாதிரி ஸ்வெட்டருக்கு. எல்லாம் கணக்காகத்தான் இருந்தது, மாமா படம் வரைந்து கொடுக்கும் வரை. கட்டம் போட்ட தாளில், பத்துக்கு ஒன்று என்ற அளவில், தன்னையே வரைந்து கொடுத்தார். ஸ்வெட்டர் இடுப்புக்குக் கீழே இன்னும் அரைச் சாண் இறங்க வேண்டும் என்று சிவப்புக் கோடு போட்டிருந்தார். "நீளமா இருந்தா ஆள் உயரமாத் தெரியும்" என்றார். போட்டுப் பார்த்தபோது உண்மையில் நேர்மாறாகத்தான் தெரிந்தது. வழக்கம்போல் யாரும் சொல்லவில்லை. அந்த அரைச் சாண் ஒரு முழு உருண்டையைத் தின்றுவிட்டது. மாதிரிக்கு எட்டு மிஞ்சியது. "எட்டு போதும்" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அக்கா எப்போதும் கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னுவாள். நீளம் பற்றவில்லை என்றால் அடியில் கூட்டலாம். கூடிவிட்டால் கடைசிக் கண்ணியை அவிழ்த்து இழுக்கலாம், சுற்றுச் சுற்றாகப் பிரிந்து வந்துவிடும். இந்த ஒரு தொழில் விஷயம் மட்டும் தெரிந்தால் போதும், மீதிக் கதை தானாகப் புரியும்.

மலைக்குக் கிளம்பும் நாளில் மாதிரி ஸ்வெட்டரில் உடம்பும் ஒரு கையும் முடிந்திருந்தன. வக்கீல் வாசலில் நின்று அம்மாவின் பெட்டியைச் சோதனை போட்டாள். மருந்துப் பையைக்கூட விடவில்லை. என் பெட்டியை யாரும் திறக்கவில்லை. எனக்குப் பின்னத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். ஸ்வெட்டர், நூல், வயரால் இணைத்த பின்னல் ஊசி எல்லாம் என் துணிகளுக்கு அடியில் ஜம்மென்று மலை ஏறின.

மலையில் நாங்கள் தங்கியது பழைய மர விடுதி. அடுத்தடுத்து இரண்டு அறைகள், பொதுவாக ஒரு வராந்தா. ஒன்றில் அக்காவும் மாமாவும், இன்னொன்றில் நானும் வக்கீலும். பகல் சாப்பாடு முடிந்ததும் மாமா ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கம்பளிக்குள் நுழைந்து ஒரு மணி நேரம் குறட்டை விடுவார். வக்கீல் போனில் சிக்னல் தேடிக்கொண்டு சாலை வளைவு வரை இறங்கிப் போய்விடுவாள். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு. அக்கா என் அறைக்கு வந்து இரண்டாவது கையைப் பின்னுவாள். நான் தலைவலி என்று சொல்லிக்கொண்டு வராந்தாவில் காவல் இருப்பேன். தினமும் எனக்குத் தலைவலி வந்தது. கடைசியில் நிஜமாகவே வந்தது.

மூன்றாவது நாள் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. கை முழங்கை வரை வந்திருந்தது, நூல் அதற்குமேல் இல்லை. உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழ வால் கிடந்தது. மலைக் கடையில் நூல் இருந்தது. கண்ணைக் குத்தும் ஆரஞ்சும், அதைவிட மோசமான பச்சையும். ஊர்க் கடையில் அந்த லாட் தீர்ந்தே போயிருந்தது. உலகத்தில் சிலேட்டு நிற நூல் அந்த லாட்டில் மீதி இருந்தது ஒரே இடத்தில்தான். அது அடுத்த அறை நாற்காலியில் மடிந்து கிடந்தது.

நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுவரையே பார்த்தோம். குறட்டைச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

"அவர் கேட்டு வாங்கின அரைச் சாண்தானே" என்றேன் நான்.

"ஒரேயடியா எடுத்தா தெரிஞ்சுடும்."

"தினம் ஒரு விரல் எடு."

சொன்னது நான்தான். அதை இன்று மறுக்கவில்லை.

நாலாவது நாளிலிருந்து வேலை தொடங்கியது. மாமா தூங்கியதும் அக்கா ஸ்வெட்டரை எடுத்து வருவாள். அடி விளிம்பை அவிழ்த்து, ஒரு விரல் அகலம் பிரித்து, மறுபடி சுத்தமாக விளிம்பு கட்டி மூடுவாள். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு கிடக்கும். அதைக் கெட்டில் ஆவியில் பிடித்து நேராக்குவது என் வேலை. அந்த ஐந்து நாளும் அந்தக் கெட்டிலில் யாருக்கும் டீ கிடைக்கவில்லை. குறட்டை நிற்பதற்குள் ஸ்வெட்டர் பழையபடி மடிந்து நாற்காலிக்குப் போய்விடும்.

மாமா ஐந்தாம் நாள் சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று அடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஸ்வெட்டருக்குக் கீழே சட்டை இரண்டு விரல் எட்டிப் பார்த்தது.

"என்ன இது, மேல ஏறுது?"

"தொப்பைப்பா" என்றாள் வக்கீல், போனிலிருந்து தலை எடுக்காமல்.

இதுதான் இயல்பான விளக்கம். அக்காவும் நானும் அதைத்தான் நம்பியிருந்தோம். ஆனால் மாமா சர்வேயராயிற்றே. டேப்பை எடுத்துத் தொப்பையை அளந்தார். ஊரில் கிளம்பும்போது எவ்வளவோ அவ்வளவேதான். கைநீளம் சரியாக இருந்தது, தோளும் சரியாக இருந்தது. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. டேப்பை மடியில் வைத்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"முதுகெலும்பு."

"என்னங்க?" என்றாள் அக்கா.

"ஊர்ல நாள் பூரா குனிஞ்சு குனிஞ்சு நிலம் அளக்கறேன். இங்க காத்து லேசா இருக்கு. நிமிர்ந்து நடக்கறேன். முதுகெலும்பு விரியுது." எழுந்து நின்றார். "நான் வளர்றேன்."

ஐம்பத்தாறு வயது மனிதர். நான் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

மறுநாள் காலை என்னைக் குளியலறைக் கதவருகே கூப்பிட்டார். கையில் பென்சில், பக்கத்தில் ஒரு தடித்த புத்தகம். "டோக்கன், தலைமேல புத்தகத்தை வச்சு ஒரு கோடு போடு. நானே போட்டா நம்ப முடியாது." கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். புத்தகத்தை வைத்தேன். எனக்குத் தெரிந்துபோயிற்று, மனிதர் எப்போதும்போலத்தான் இருந்தார். உள்ளபடி கோட்டைப் போட்டால் அடுத்து அவர் அளக்கப் போவது ஸ்வெட்டரைத்தான். படம் வேறு வரைந்து வைத்திருக்கிறார். பின்னால் அக்கா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாலேயே கெஞ்சினாள். அவருடைய மேல்நோக்கிச் சீவிய முடி அடர்த்தியாக இருந்தது. புத்தகத்துக்கும் முடிக்கும் நடுவே என் சுண்டு விரலைச் செருகிக்கொண்டு கோடு போட்டேன்.

அவர் மூன்று தடவை டேப் வைத்து அளந்தார். "ஊர்ல இருந்ததைவிடப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கூட" என்றார்.

ஸ்வெட்டர் இரண்டு விரல் ஏறியிருக்க, ஆள் பன்னிரண்டு மில்லிமீட்டர்தானே ஏறியிருக்கிறார் என்று கேட்க வேண்டியவர் அவர்தான். கேட்கவில்லை. வேலித் தகராறில் ஒரு மயிரிழை விட்டுக்கொடுக்காத மனிதர், இந்த ஒரு கணக்கை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார். நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். விடுதிக்காரரிடம் வலியப் போய்ப் பேசினார். குளிக்கும்போது பாட்டு வேறு. ஏழாவது நாள் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனோம். வக்கீல் படம் எடுக்கக் கூப்பிட்டதும் நான் பழக்கதோஷத்தில் ஒரு கல்லைத் தேடினேன். மாமா தேடவில்லை. நேராகப் போய் அக்காவின் பக்கத்தில், சமதரையில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா நீளமான கோட்டுக்குள் முழங்காலை மடக்கி நின்றாள். படம் எடுத்து முடியும் வரை அப்படியே நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வக்கீல் அது மலைக்காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டாவது நாள் காலை மாமா மறுபடி என்னைக் கதவருகே கூப்பிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி அவரே போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் மறுபடியும் விரலைச் செருகினேன், இந்தத் தடவை கொஞ்சம் தடித்த விரலாக.

அன்று பகல் அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"முப்பது வருஷத்துல அவர் ரோட்டுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்ததே இல்லடி. இன்னிக்கும் பிடிச்சாரு. நான் அவரைப் பிரிச்சுக்கிட்டு இருக்கேன்."

"இன்னும் எவ்வளவு வேணும்?"

"ஒரு விரல்."

"அப்ப எடு. வேணும்னு நீதானே சொன்ன" என்று எரிந்து விழுந்தேன். அவளுக்கு வேண்டும் என்று சொன்ன அந்த ஒரே ஒரு பொருளும் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போகக் கூடாது என்று எனக்கு ஆத்திரம். அவள் எடுத்தாள். சாயங்காலம் மணிக்கட்டு விளிம்பு முடிந்தது.

அன்றைக்கு ராச்சாப்பாட்டில் மாமா தொண்டையைச் செருமினார். "வக்கீலே, உன் சட்டத்துல ஒரு திருத்தம் வேணும். அம்மா பின்னலாம். ஸ்வெட்டர் ரொம்பச் சின்னதாப் போச்சு. எனக்கு அடியில ஒரு அரைச் சாண் கூட்டணும்."

வக்கீல் பெருந்தன்மையாகத் தலையாட்டினாள். அக்காவுக்குச் சோறு புரையேறியது. "நூல் இல்லைங்க" என்றாள். ஐந்து நாளாகப் பேசியதில் அவள் சொன்ன முதல் உண்மை அது.

"இல்லைன்னா என்ன, திங்கட்கிழமை நானே உன் கடைக்கு வர்றேன். வளர்ந்தவன் நான், நூல் வாங்கறதும் நானா இருக்கட்டும்."

தடுக்க எங்களால் ஆனதெல்லாம் செய்தோம். வெயில் என்றோம், கடை ஒடுக்கம் என்றோம். மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, அந்த வெயிலில், அளவு காட்ட வேண்டும் என்று ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எங்களோடு நடந்து வந்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. உயரத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

கடையில் எதிர்வீதி டீச்சர் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். குறை சொல்ல இடம் தராத, சிரித்த முகம். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. அவருடைய ஸ்வெட்டரைக் கடைக்காரம்மா உள்பக்கம் திருப்பிப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்றார். பிறகு, "சனிக்கிழமை கிளாஸுக்கு இன்னொண்ணையும் பார்த்துடுவோம்" என்று அக்காவுடையதை வாங்கித் திருப்பினார். மாமா வாயைப் பிளந்தார். "நீ எப்ப இது பின்னின? இந்த கிளாஸ் என்ன?" அக்கா பதில் சொல்வதற்குள் கடைக்காரம்மாவின் கட்டைவிரல் வலது முழங்கைக்குக் கீழே ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

"லாட் அதேதான். ஆனா இதுக்குக் கீழ இருக்கறது புது நூல் இல்ல. ஒரு தடவை பின்னிப் பிரிச்சது. எங்கேருந்து வந்தது?"

கடைக்காரம்மா ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. எங்கேருந்து வந்ததுன்னு தெரியாத நூலை நான் இந்த ஜன்னல்ல மாட்ட மாட்டேன்."

"முதல்ல சின்னதா ஒரு துண்டு பின்னிப் பார்த்ததுன்னு சொல்லு" என்று அக்காவின் காதில் கிசுகிசுத்தேன். நல்ல பொய். முழங்கைக்குக் கீழே அத்தனை நூல் எப்படி என்று யாரும் கேட்காமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவைப் பார்த்தாள். வேர்த்து விறுவிறுத்து, நிமிர்ந்து, அவள் பின்னிய ஸ்வெட்டரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றிருந்த மனிதரை.

"அவர் போட்டிருக்காரே, அதுலேருந்து" என்றாள். "அடியிலேருந்து எடுத்தேன். அவர் தூங்கறப்போ, தினம் ஒரு விரல்." பிறகு அவரிடமே சொன்னாள். "நீங்க வளரலைங்க. நான்தான் குறைச்சேன்."

மாமா குனிந்து தன் அடி விளிம்பைப் பார்த்தார். டேப்பின் மேல் கை போயிற்று, ஆனால் அதை எடுக்கவில்லை.

"எத்தனை சுத்து?" என்றார்.

"முப்பத்தாறு."

மனதுக்குள் கணக்குப் போட்டார். "அஞ்சு விரல். சரியா வருது" என்றார். அவர் குரலில் ஒன்றுமே இல்லை. அவர் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலை என்றிருந்தது.

கடைக்காரம்மா எழுந்து வந்தார். "கொஞ்சம் இப்படி வெளிச்சத்துக்கு வாங்க சார்" என்று மாமாவை நிறுத்தி, ஸ்வெட்டரின் அடியை மடித்து உள்பக்கம் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். "அஞ்சு தடவை பிரிச்சு, அஞ்சு தடவை மூடியிருக்கீங்க. ஒரு கண்ணிகூட இழுக்கலையே" என்று அக்காவிடம் சொன்னார். எதிர்வீதி டீச்சரைப் பார்த்துக் கைகூப்பினார். "உங்க பின்னல்ல ஒரு குறையும் இல்ல. ஆனா கத்துக்க வர்றவங்க முதல் மாசம் பூரா தப்பாப் பின்னிப் பிரிக்கத்தான் போறாங்க. எனக்குப் பிரிக்கத் தெரிஞ்ச கைதான் வேணும்." டீச்சர் சிரித்த முகத்தோடேயே அக்காவுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்காரம்மா மாடி அறையைக் காட்ட அவளை அழைத்துக்கொண்டு போனார். நான் மேலே போகவில்லை. மாமா வாசலுக்குப் போய் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். மேலே அக்காவின் செருப்புச் சத்தம் அறையின் நாலு மூலைக்கும் போய்க்கொண்டிருந்தது.

"அவளுக்கு நூல் தேவைப்பட்டுச்சு, எடுத்தா" என்றார் மாமா, தெருவைப் பார்த்துக்கொண்டே. "கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். அது எங்களுக்குள்ள. கதவுல கோடு போட்டது நீ."

"அவ மாட்டிக்கக் கூடாதேன்னுதான் மாமா."

"அது முதல் தடவை. ரெண்டாவது தடவை எதுக்கு?"

எட்டாவது நாள் காலையில் அவர் ஸ்வெட்டரைச் சந்தேகிக்கவே இல்லை. விரலைச் செருகச் சொல்லி யாரும் கண்ணால் கெஞ்சவும் இல்லை. அக்கா அப்போது அறையிலேயே இல்லை.

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க மாமா."

"ஆமா, இருந்தேன்" என்றார்.

அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவர் அவளிடம், "சனிக்கிழமை எத்தனை மணிக்கு ஆரம்பம்? சாப்பாட்டை நான் பார்த்துக்கறேன்" என்று கேட்டுக்கொண்டே அவளோடு நடக்கத் தொடங்கினார். என்னை வா என்று கூப்பிடவில்லை.